குளிர்காலத்தில் பால் பைத்தான் சாப்பிடவில்லை: காத்திருப்பதா, பெட்டியைச் சூடாக்குவதா, இரையை மாற்றுவதா, டாக்டரிடம் போவதா?

ஜூன் கடைசி வாரம், இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். பால் பைத்தான் என்னும் பாம்பை வீட்டில் வளர்க்கும் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு அக்கா: "நாலு வயசுப் பெண் பாம்பு, தம்பி. 1,600 கிராம். ஏழு வாரமா எலியைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஆயா தினமும் ஒரு கிண்ணம் பால் வைக்கச் சொல்றாங்க." ஜோகானஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி: "அண்ணா, ஆறு மாசக் குட்டி, 280 கிராம். நாலு வாரமா ஒண்ணும் சாப்பிடல. எல்லாரும் குளிர்காலம்தானே, சும்மா விடுன்னு சொல்றாங்க. விடலாமா?"

ஆயாவைக் குறை சொல்ல முடியாது. பெயரே பால் பைத்தான். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. ஆயாவின் காதில் அது பசும்பாலாகத்தான் விழும். எந்தப் பாம்புக்கும் பால் உணவல்ல, செரிக்காது. கிண்ணத்தில் இருக்கவேண்டியது தண்ணீர்.

இரண்டு பேரும் சொன்ன அறிகுறி ஒன்றுதான். ஆனால் அக்காவுக்குச் சொன்ன பதிலைத் தம்பிக்குச் சொல்லியிருந்தால் அந்தக் குட்டி செத்திருக்கலாம். அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் நடக்கிறது

பால் பைத்தான் நம் நாட்டுப் பாம்பு இல்லை. செனகலில் தொடங்கி உகாண்டா வரை, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழ்வது. பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ படுத்துக் கிடக்கும். நம் பாட்டிமார் மஞ்சள் பூசிக் கும்பிட்ட புற்றில் இருந்தது நாகம் என்றால், அங்கே புற்றில் இருப்பது இது. வறண்ட, சற்றே குளிர்ந்த பருவத்தில் அவை இணை சேரும். அந்தச் சமயத்தில் ஆண் பாம்புக்கு எலியைவிட வேறு வேலை இருக்கிறது. முட்டையைச் சுற்றிப் படுக்கும் தாய்ப்பாம்பும் ஏறக்குறைய இரண்டு மாதம் எதுவும் தின்னாது. பட்டினி அதன் உடம்பில் எழுதியிருக்கும் பழக்கம்.

இங்கே வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கூண்டிலேயே பிறந்தவை. அவை நம் ஊர்ப் பருவத்தைத்தான் உணர்கின்றன: பகல் குறைகிறது, இரவு குளிர்கிறது. இணையத்தில் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை என்று எழுதுவது நமக்கு மே முதல் செப்டம்பர் வரை. மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் என் பாம்பு விரதத்தில் இருக்கும். புரட்டாசியில் நாம் கவிச்சியை நிறுத்தும்போது அது விரதத்தை முடிக்கும். ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் இந்த முரண்தான்.

எதை வைத்து முடிவெடுப்பது

மனதை வைத்து அல்ல. கீழே உள்ள நான்கையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

*வயதும் எடையும்.* நன்றாக வளர்ந்த, ஒரு கிலோவைத் தாண்டிய பாம்பு இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். 500 கிராமுக்குக் கீழே உள்ள குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு வயதுகூட ஆகாத குட்டி நின்றுவிட்டால் "பருவம்" என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் பெட்டியில்தான் கோளாறு.

*எடை இறங்கும் வேகம்.* சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும் (பாம்புக்கென்று தனியாக, தயவுசெய்து). இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு டப்பாவில் வைத்து நிறுங்கள். எச்சம் போட்ட மறுநாள் எடை திடீரென்று குறையும், அதைக் கண்டு அலற வேண்டாம். சாப்பிடுவதை நிறுத்தியபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு போனால் அதுதான் கோடு. 1,600 கிராம் பாம்புக்கு 160 கிராம். குட்டிக்கு அந்தக் கோடு வரை காத்திருக்கவே கூடாது.

*இரவு வெப்பம்.* பகலில் அல்ல, விடியற்காலை நான்கு மணிக்கு. சூடான மூலை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த மூலை 25 முதல் 27, இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக் கூடாது.

*மற்ற அறிகுறிகள்.* கண் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த வாரம் எதையும் கேட்காதீர்கள். மூச்சில் விசில் சத்தம், மூக்கில் நுரை, வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், தலையை மேலே தூக்கிக்கொண்டே இருத்தல், வாயோரத்தில் மஞ்சள் கட்டி, தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் உண்ணி: இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை விட்டுவிட்டு நேராக டாக்டர் பகுதிக்குப் போங்கள்.

வழி ஒன்று: காத்திருப்பது

பணம் செலவில்லாத வழி, அதனாலேயே செய்யக் கடினமான வழி. எதுவும் செய்யாமல் இருக்க நமக்குத் தெரியாது.

முதல் வருடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஆண் பாம்பு மாணிக்கம் மே மாதம் நிறுத்தியது. மூன்று நாளுக்கு ஒருமுறை எலியை இடுக்கியில் பிடித்து மூக்கருகில் ஆட்டினேன். அது ஒவ்வொரு முறையும் பின்வாங்கியது. ஒரு மாதத்தில், பெட்டிக் கதவு திறந்தாலே சுருண்டுகொள்ளப் பழகிவிட்டது. உருக வைத்த எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பதால் பத்து எலி குப்பைக்குப் போனது. காத்திருப்பதன் மறைந்த செலவு இதுதான்: காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் இருப்பது.

சரியாகக் காத்திருப்பது என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும், இருட்டிய பிறகு, இரையைக் காட்டுவது. சீண்டாவிட்டால் எடுத்துவிடுவது. அந்த இரண்டு மூன்று வாரமும் கையில் எடுத்துக் கொஞ்சாமல் இருப்பது. தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுவது.

போன வருடம் மாணிக்கத்தின் கணக்கு: மே தொடக்கத்தில் 1,250 கிராம், ஜூனில் 1,235, ஜூலையில் 1,210, ஆகஸ்ட் கடைசியில் 1,190. செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு எலியைப் பாய்ந்து பிடித்தது. நாலு மாதத்தில் 60 கிராம், ஐந்து சதவீதம்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் அதற்கு முன் அது கொஞ்சம் குண்டாகத்தான் இருந்தது. கூண்டுப் பாம்புகளில் பட்டினியால் வாடுவதைவிட ஊட்டி ஊட்டிக் கொழுத்தவைதான் நான் அதிகம் பார்த்தவை.

இது பொருந்துவது: ஒரு வயது தாண்டி, நல்ல சதையோடு, வெப்பம் சரியாக உள்ள பெட்டியில், வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் நிறுத்திய பாம்புக்கு. "வெப்பம் சரியாக உள்ள" என்ற மூன்று வார்த்தையை யாரும் படிப்பதில்லை, அதற்காகத்தான் அடுத்த பகுதி.

வழி இரண்டு: பெட்டியைச் சூடாக்குவது

என்னைக் கேட்டால் நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட "குளிர்காலப் பட்டினி" பருவத்தால் வருவதில்லை, வீட்டால் வருகிறது. நம் வீடுகளுக்குச் சுவரில் குளிர் தடுப்பு கிடையாது, வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடும் கிடையாது. டர்பனில் ஜூலை இரவு பெரும்பாலும் 11 டிகிரியோடு நின்றுவிடும். ஜோகானஸ்பர்க் பக்கம் 4 டிகிரி சராசரி, பல இரவுகள் பூஜ்யம். ஹைவெல்ட் என்னும் அந்த உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர்காலத்தில் மழையும் இல்லை, காற்று கருவாடு காய வைக்கலாம் போல வறண்டு கிடக்கும். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வேண்டும். பெட்டி குளிர்ந்தால் செரிமானம் நிற்கும். செரிக்காது என்று தெரிந்த பாம்பு விழுங்காது. அது முட்டாள்தனம் இல்லை, பிழைக்கத் தெரிந்த புத்தி.

எதைக் கொண்டு சூடாக்குவது என்பதில்தான் ஊர் வித்தியாசம் வருகிறது.

ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு): மலிவு, மின்சாரம் குறைவு, 20 வாட் அளவில் கிடைக்கும். ஆனால் அது தரையைச் சூடாக்கும், காற்றை அல்ல. டர்பன் கடலோர வீட்டில் கதவு மூடிய அறைக்கு இது போதலாம். மிட்ராண்டில் அறையே 12 டிகிரிக்கு இறங்கும்போது, வயிறு மேட்டில் வெந்துகொண்டும் மூச்சு குளிர்காற்றிலும் இருக்கும். சளி பிடிக்க வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அந்த ஹீட் மேட்டை மாட்டவே மாட்டாதீர்கள்; வயிற்றுத் தோல் வெந்துபோன பாம்பு அசையாமல் படுத்திருக்கும், நமக்குச் சுகமாகத் தூங்குவதுபோல் தெரியும்.

செராமிக் பல்பு: வெளிச்சம் தராமல் காற்றைச் சூடாக்கும், இரவுக்கு ஏற்றது. சுற்றிக் கம்பிக் கூடு கட்டாயம், இல்லையென்றால் பாம்பு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குறை: காற்றை உலர்த்தும். ஹைவெல்ட் வறட்சியோடு சேர்ந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும். ஈரப் பாசி நிரப்பிய ஒரு டப்பாவில் துளை போட்டு உள்ளே வைத்தால் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பெட்டியின் உள்கூரையில் மாட்டும் வெப்பப் பலகை: விலை அதிகம், ஆனால் உள்நாட்டுக் குளிருக்கு எனக்குப் பிடித்தது இதுதான். மரப்பெட்டிக்கு மிக நல்லது. பாம்பு ஏறிப் பிடிக்க அதில் இடமில்லை, காற்றையும் அவ்வளவு உலர்த்தாது.

எரிவாயு, பாரஃபின் ஹீட்டரைப் பாம்பு அறையில் வைக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அந்த அறைக்குக் கொண்டு போகாதீர்கள். அதன் நுரையீரலுக்குப் புகை ஆகாது. அம்மன் கோபிக்க மாட்டாள்.

இந்த வழியின் மறைந்த செலவு மின்வெட்டு. 2023 போன்ற மோசமான வருடம் திரும்ப வராவிட்டாலும் தெருவில் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பு என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கிறது. வெறும் வயிற்றுப் பாம்புக்கு இரண்டு நான்கு மணி நேரக் குளிர் ஆபத்தில்லை. பெட்டியின் மேல் கம்பளி, காற்று போக ஒரு ஓரம் திறந்து, வெளிப்பக்கம் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, அவ்வளவு போதும். வயிறு நிறைய எலியோடு இருக்கும் பாம்புக்குத்தான் பிரச்சினை. செரிக்கும்போது குளிர்ந்தால் கக்கிவிடும். கக்கிய பாம்புக்கு இரண்டு வாரமாவது எதுவும் கொடுக்கக் கூடாது, பிறகு சின்ன இரையில் தொடங்க வேண்டும். ஆகவே குளிர்காலத்தில் ஊட்ட நினைத்தால், அடுத்த இரண்டு மூன்று நாள் வெப்பத்துக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊட்டுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இதோ. 80 வாட் பலகை நிறுத்தாமல் ஓடினால் நான்கு மணி நேரத்துக்கு 320 வாட் மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் பேட்டரியில் பாதியை எடுத்தால் 600 வாட் மணி. வீட்டு விளக்குக்காக ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒரு பிளக்கைப் பாம்புக்கு ஒதுக்கினால் போதும். பாம்புக்காக மட்டும் வாங்குவது, என் கருத்தில், ஹைவெல்டில் நியாயம், டர்பனில் ஆடம்பரம்.

வழி மூன்று: இரையை மாற்றுவது

வெப்பம் சரியாகிய பிறகு மட்டும் இதற்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் இரண்டுமே வீண்.

மாற்றுவதற்கு முன், இருக்கிற எலியையே ஒழுங்காகக் கொடுத்தீர்களா? பால் பைத்தான் உதட்டில் உள்ள குழிகளால் வெப்பத்தை உணர்ந்து கடிக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து அறைச் சூட்டில் விட்ட எலி அதற்கு ஒரு கல். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் உருக விட்டு, பிறகு ஒரு பையில் போட்டு வெந்நீரில் வைத்து, 38 முதல் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து துடைத்துக் கொடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வெடிக்கும், பிறகு வீட்டில் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள்.

இதற்கும் மசியாவிட்டால் அளவைக் குறைக்கலாம், எலிக்குப் பதில் சுண்டெலி கொடுக்கலாம். மிகப் பிடிவாதமான பாம்புக்கும் வேலை செய்வது, இங்கே வளர்ப்பவர்கள் மல்டிமேட் என்று சொல்லும் ஆப்பிரிக்க எலி. அதன் அறிவியல் பெயர் மாஸ்டோமிஸ் நடாலென்சிஸ், நம் நடாலின் பெயர். 1834-இல், அப்போது போர்ட் நடால் என்று அழைக்கப்பட்ட டர்பனில் கிடைத்த எலியை வைத்து விவரித்தார்கள். அதே எலிதான் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பின் இயற்கை உணவுகளில் ஒன்று. தாய்வீட்டுச் சாப்பாட்டு வாசனை வந்தால் யாருக்குத்தான் பசிக்காது?

ஆனால் மறைந்த செலவு அதிலேயே இருக்கிறது. ஒருமுறை மல்டிமேட் தின்று பழகிய பாம்பு பிறகு சாதாரண எலியைத் தொடாமல் போகலாம். அதைத் தொடர்ந்து வாங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். தோட்டத்தில் பிடித்த எலியைக் கொடுக்கும் யோசனை வேண்டாம்; பக்கத்து வீட்டில் வைத்த எலி விஷம் அதன் வயிற்றில் இருக்கும், உண்ணியும் கூடவே வரும்.

உயிருள்ள எலி? நானும் முதல் வருடம் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு கடையில் "பசிச்சா தானா பிடிக்கும்" என்றார்கள். காலையில் பார்த்தால் எலி உயிரோடு இருந்தது, மாணிக்கத்தின் முதுகில் மூன்று கடிக் காயம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதோடு, 1962-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு விலங்கை இன்னொன்று தாக்கும்படி அதன்முன் விடுவதைக் குற்றம் என்கிறது.

இன்னொரு செலவு நம் வீடுகளுக்கே உரியது: ஃப்ரீசர். புரட்டாசியில் மீன்கூட வைக்காத ஃப்ரீசரில் இருபது எலி. என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்றை கராஜில் வைத்த பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது. சால்மொனெல்லா கிருமி நம் சாப்பாட்டில் ஒட்டாமல் இருக்கவும் அதுதான் பாதுகாப்பு.

வழி நான்கு: டாக்டரும், வலுக்கட்டாயமாக ஊட்டுவதும்

இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவதை முதலாவது இல்லாமல் செய்யக் கூடாது. வாயைப் பிளந்து எலியைத் திணிக்கும் வீடியோக்கள் ஏராளம். தொண்டை கிழியும், பல் உடையும், பயத்தில் கக்கிவிடும். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனாலோ, நான் மேலே சொன்ன அறிகுறி இருந்தாலோ, வெப்பத்தைச் சரிசெய்து இரண்டு மூன்று வாரமாகியும் குட்டி தின்னாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். எச்சத்தில் புழு இருக்கிறதா, நுரையீரலில் தொற்றா என்று பார்த்து, தேவையென்றால் குழாய் வழியே ஊட்டுவார்கள்.

நாய், பூனை மட்டும் பார்க்கும் டாக்டருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். போனில் "பாம்பு பார்ப்பீங்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்டோரியாவை ஒட்டிய ஒண்டர்ஸ்டபோர்ட்டில் உள்ள பிரிட்டோரியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் பறவைகளுக்கும் இதுபோன்ற விலங்குகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. குளிரில் காரில் போகும்போது துணிப்பையில் போட்டு, அதை (ஐஸ் போடாத) ஐஸ் பெட்டிக்குள் வைத்து, ஒரு வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலையும் கூட வையுங்கள். பயணக் குளிரே நோயைக் கூட்டிவிடும்.

"சாப்பிடத்தான் மாட்டேங்குதே, பெட்டியை அணைச்சுட்டு குளிர்கால உறக்கத்துக்கு விட்டுடலாமே" என்று ஒருவர் கேட்டார். அது வேறு பாம்புகளின் பழக்கம். பால் பைத்தானுக்கு அப்படி உறக்கம் கிடையாது, சளி பிடித்துச் சாகும்.

| வழி | யாருக்கு | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|
| காத்திருப்பது | பெரிய, சதைப்பற்றுள்ள பாம்பு. இரவு வெப்பம் சரி | நம் பொறுமை. நோயைப் பருவம் என்று நினைத்துவிடும் அபாயம் |
| சூடாக்குவது | எல்லாக் குட்டிக்கும். ஹைவெல்டில் எல்லோருக்கும் | மின்வெட்டு, வறண்ட காற்று |
| இரை மாற்றம் | வெப்பம் சரியான பிறகும் நீளும் பட்டினி | புதுச் சுவை பழகிவிடும். ஃப்ரீசர் சண்டை |
| டாக்டர் | எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால். மூச்சுக் கோளாறு | பயணக் குளிர் |

இரண்டு பேருக்கும் என்ன சொன்னேன்

தம்பியிடம் பாம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குறைந்த அளவைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை ஓரிரவு உள்ளே வைக்கச் சொன்னேன். 18.6 டிகிரி. கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி மூடி, அடியில் ஒரு ஹீட் மேட். மூடியின் பாதியை மூடி, செராமிக் பல்பும் தெர்மோஸ்டாட்டும் போட்டார். ஒன்பதாம் நாள் இரவு, வெந்நீரில் சூடாக்கிய ஒரு சின்னச் சுண்டெலியைக் குட்டி பிடித்தது. போட்டோ எனக்கு வந்தது நள்ளிரவு ஒன்றே முக்காலுக்கு.

அக்காவின் பெட்டியில் வெப்பம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அவரிடம் எலியை ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டுத் தராசு வாங்கச் சொன்னேன். மே மாத எடை 1,600, நேற்று நிறுத்தது 1,545. இன்னும் சாப்பிடவில்லை, ஆவணி வரை கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆயா மட்டும் கிண்ணத்தை விடவில்லை. இப்போது அதில் தண்ணீர் ஊற்றுகிறார். அதைப் பாம்பு குடிக்கிறது, ஆயாவுக்கும் திருப்தி.